மின்சாரக் காரில் தானாக ஓட்டும் மென்பொருளின் புதுப் பதிப்புகளைச் சோதித்து ஓட்டுவது எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் சான் ஹோசேயில் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். தானாக ஓட்டும் மென்பொருளின் புதுப் பதிப்புகளை மற்றவர்களுக்கு முன்பே பெற்றுச் சோதிப்பவர்களின் வரிசையில் சேரலாமா, சேர்ந்தவர்களின் அனுபவம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

நான் பக்கத்து ஊரான சன்னிவேலில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அந்த வரிசையில் இருக்கிறேன். என் கார் எந்த நிறுவனத்துடையது என்று எழுதப் போவதில்லை. ஒரு வண்டியில் ஒருவன் கண்டதை வைத்து ஒரு நிறுவனத்துக்கு நற்சான்றோ பழியோ கொடுப்பது நியாயமில்லை. அரசு ஆவணங்களில் பதிவான விஷயங்களைச் சொல்லும்போது மட்டும் பெயர்களைச் சொல்கிறேன்.

அப்டேட் பெரும்பாலும் இரவில் வரும். வீட்டு வைஃபை வழியாக இறங்கி, நாம் தூங்கும்போதே ஏறிவிடும். காலையில் கதவைத் திறந்தால் அதே இருக்கை, அதே கண்ணாடி, மகள் பின்சீட்டில் ஒட்டிய அதே ஸ்டிக்கர். ஓட்டுகிற ஆள் மட்டும் மாறியிருப்பார். என் மனைவி முதல் மாதத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டாள். காரில் ஏறுவதற்கு முன் "என்னங்க, இன்றைக்குப் பழைய டிரைவரா, புது டிரைவரா?" என்று கேட்பாள். புது டிரைவர் என்றால் அன்று அவளும் மகளும் வேறு காரில் போவார்கள். இது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

ஊரில் ஒரு வீட்டுக்குப் புது டிரைவர் வந்தால் என்ன செய்வார்கள்? முதல் நாள் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து கடைவீதி வரை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். நானும் அதையேதான் செய்கிறேன். எனக்கென்று ஒரு சோதனைப் பாதை உண்டு, 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நான்கு பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பு, அம்புக்குறி விளக்கு இல்லாத ஓர் இடதுபுறத் திருப்பம், எல் கமீனோ ரியலைக் கடக்கும் சிக்னல், பிறகு மேரி அவென்யூவில் ரயில் தண்டவாளம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதே பாதை, அதே மாலை நேரம். ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். இதுவரை 31 பதிப்புகள்.

அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் கால்டிரெய்ன் பாதை அங்கே சாலை மட்டத்திலேயே குறுக்கிடுகிறது. மேம்பாலம் கிடையாது, தடுப்புக் கம்பம் மட்டும்தான். தண்டவாளத்தைத் தாண்டியதும் கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வே சிக்னல். மாலையில் அங்கே சிவப்பு விழுந்தால் கார்கள் வரிசையாகப் பின்னால் தேங்கி, தண்டவாளம் வரைக்கும் வந்துவிடும். அப்போது ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் தன் கார் முழுதாக நிற்க இடம் கிடைக்கும் வரை இந்தப் பக்கமே காத்திருக்க வேண்டும். முன்னால் போகிற கார் நகர்கிறதே என்று ஒட்டிக்கொண்டு போனால், நடுவில் மாட்டிக்கொள்வோம்.

பழைய பதிப்பு இதை அழகாகச் செய்தது. குறிப்பேட்டில் வரிசையாக 'கோட்டுக்கு முன் நின்றது, சரி' என்று எழுதியிருக்கிறேன். பிறகு ஒரு புதுப் பதிப்பு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் அது முன்னதைவிட மேல். திருப்பங்களில் தயக்கம் இல்லை, பிரேக் பிடிப்பதில் குலுக்கல் இல்லை. மேரி அவென்யூவுக்கு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, 'இது தேறிவிட்டது' என்று. முன்னால் ஒரு வெள்ளை வேன். அது தண்டவாளத்தைக் கடந்து, சிக்னல் வரிசையின் கடைசியில் நின்றது. வேனின் பின்பக்கத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் அரைக் கார் அளவு இடம் இருந்திருக்கும். என் கார் நிற்கவில்லை. நடை வேகத்தில் முன்னேறியது. முன் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறியபோதுதான் என் கால் பிரேக்கை மிதித்தது.

ரயில் எதுவும் வரவில்லை. தடுப்புக் கம்பமும் இறங்கவில்லை. பின்னால் இருந்தவர் ஒரு முறை ஹாரன் அடித்தார், அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கால் பிரேக்கின் மேல் இருந்திருக்க வேண்டும், தரையில் இருந்தது. அதைத் தூக்கி வைத்து மிதிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய டிரைவர் சம்பாதித்த நம்பிக்கையை நான் புது டிரைவரின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். தவறு அங்கேதான். மென்பொருள் செய்தது ஒரு பிழை என்றால், நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. கார் பிழை செய்யும் என்று தெரிந்துதான் நான் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சரியாகச் செய்ததை இன்று ஏன் தவறவிடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். மென்பொருள் கட்டப்படும் விதம் மாறியிருப்பது ஒரு முக்கியமான காரணம். முன்பெல்லாம் பொறியாளர்கள் விதிகளை எழுதினார்கள்: இப்படி ஒரு கோடு இருந்தால் நில், இப்படி ஒரு விளக்கு எரிந்தால் போ. டெஸ்லா 2024 தொடக்கத்தில் பரவலாக அனுப்பிய 12ஆம் பதிப்பில் நகரச் சாலைகளுக்கான இந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. பல பத்து லட்சம் காணொளித் துண்டுகளைப் பார்த்துப் பழகிய ஒரே நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள்), கையால் எழுதிய 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிரல் வரிகளின் இடத்தைப் பிடித்தது என்று அந்தப் பதிப்பின் குறிப்பிலேயே இருந்தது. ஓட்டுதல் மனிதர் ஓட்டுவதுபோல மென்மையாகிவிட்டது உண்மை. ஆனால் இப்படிப் பழகிய ஒன்றில் ஒரு பிழையைச் சரிசெய்ய, தனியாக ஒரு வரியைத் திருத்தினால் போதாது. மறுபடி பழக்க வேண்டும். மறுபடி பழக்கும்போது ஒரு பக்கம் கூடினால், எதிர்பாராத இன்னொரு பக்கம் குறையவும் கூடும். அதனால்தான் 'முன்னேற்றம்' என்ற சொல்லை நம்பி ஒரு சந்திப்பைக்கூடச் சோதிக்காமல் விடக் கூடாது என்கிறேன்.

விதிகளால் ஓடிய காலத்திலும் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபரில் டெஸ்லா 10.3 என்ற பதிப்பைச் சோதனை ஓட்டுநர்களுக்கு அனுப்பியது. முன்னால் ஒன்றும் இல்லாதபோதே மோதல் எச்சரிக்கை அடிப்பதும் பிரேக் விழுவதுமாக இருந்ததால், ஒரே நாளில் திரும்பப் பெற்றுப் பழைய பதிப்புக்கே போனது. 11,704 கார்கள் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவில் இருக்கிறது. அடுத்த பிப்ரவரியில் இன்னொரு திரும்பப் பெறுதல், 53,822 கார்கள். நான்கு பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பில் சுற்றிலும் ஆள் இல்லையென்றால் மணிக்கு 5.6 மைல் வேகம் வரை நிற்காமலே உருண்டு போக அந்த மென்பொருள் அனுமதித்தது. இங்குள்ள மனிதர்கள் தினமும் செய்யும் தவறுதான் அது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வசிப்பவன் என்ற முறையில், அதை ஓர் இயந்திரத்துக்கு அனுமதியாக எழுதிக் கொடுத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. அரசு தலையிட்டு நிறுத்தியது சரியான முடிவு.

இனி, கேள்வி கேட்டவர் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கும் ஒரு விஷயம். மோசமான பதிப்பு அவ்வளவு ஆபத்து இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தடுமாறும் காரில் யாரும் அசந்து உட்காரமாட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் தவறும் காரில்தான் கண் தானாகவே வேறு பக்கம் போகும்.

இது சோம்பேறிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் திரையில் தெரிந்த அடையாளங்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டறிய, நார்மன் மக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு முள் கடிகாரத்தை வைத்துச் சோதனை செய்தார். நொடிக்கு ஒரு முறை முள் நகரும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டால் சொல்ல வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்துவிடுகிறது. ஒன்றும் நடக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்க மனித மூளைக்கு வராது.

கூகுளும் இதைத் தன் கண்ணால் பார்த்தது. சுமார் 2013 வாக்கில், ஃப்ரீவேயில் தானாக ஓடும் கார்களைத் தன் ஊழியர்களுக்கே கொடுத்து, உள்ளே கேமரா வைத்தது. கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கைப்பேசி பார்த்தவர்களும், ஒப்பனை செய்துகொண்டவர்களும், தூங்கியவர்களும் பதிவில் இருந்தார்கள். பாதி இயந்திரம், பாதி மனிதர் என்ற ஏற்பாட்டையே அந்த நிறுவனம் கைவிட்டு, மனிதர் தேவைப்படாத கார் என்ற வழிக்குத் திரும்பியது. இன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வேமோ மின்சாரக் கார்கள் அந்த முடிவிலிருந்து வந்தவைதான்.

அதற்காக எனக்குக் கிடைத்த நன்மையை மறைக்கப் போவதில்லை. ஐ-5 சாலையில் லாஸ் ஏஞ்சலஸ் போய் இறங்கும்போது முன்பு தோள்பட்டை கல்லாக இருக்கும். இப்போது அப்படி இல்லை. ஒரு குளிர்கால மாலையில், கறுப்புச் சட்டையில் விளக்கில்லாமல் சைக்கிளில் வந்த ஒரு பையனை என் காரின் கேமரா எனக்கு முன்பே பார்த்து வேகம் குறைத்தது. நான் அவனைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்த ஒரு மாலைக்காக இந்தத் தொழில்நுட்பத்துக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

நீங்கள் சேர்வதாக இருந்தால், மின்சாரக் காருக்கே உரிய ஒன்றை முதலில் பழகிக்கொள்ளுங்கள். தானோட்டத்தில் போகும்போது உங்கள் கால் ஆக்சிலரேட்டரில் இருக்காது. கார் தவறாகப் போகிறது என்று ஸ்டியரிங்கைத் திருப்பி அதை அணைத்தீர்கள் என்றால், பல மின்சாரக் கார்களில் அந்த நொடியே மோட்டார் மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கத் தொடங்கி, வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் கார்போல உருண்டு போகாது. ஃப்ரீவேயில் பின்னால் ஒட்டி வருபவருக்கு அது திடீர் பிரேக். அதனால் கையும் காலும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்: ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதே ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட வேண்டும். இதைக் காலியான வாகன நிறுத்தத்திலும், பிறகு கூட்டம் இல்லாத சாலையிலும் 20, 30 முறை செய்து பாருங்கள். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் முறை நான் இப்படி அணைத்தபோது பின்னால் வந்த லாரியின் முகப்பு என் கண்ணாடி முழுக்க நிறைந்தது.

மணிக்கு 65 மைல் வேகத்தில் கார் ஒரு நொடியில் 29 மீட்டர் போகிறது. திரையில் வந்த பாடலின் பெயரை இரண்டு நொடி படித்தால் 58 மீட்டர் பார்க்காமல் போயிருப்பீர்கள். அப்டேட் வந்த முதல் வாரம் பாட்டு வேண்டாம், தொலைபேசி வேண்டாம், குழந்தைகள் வேண்டாம். மழையிலும், மேற்கே சூரியன் கண்ணுக்கு நேராக இறங்கும் நேரத்திலும் வேண்டவே வேண்டாம். கேமராவுக்கும் கண் கூசும்.

ஒரு வருத்தம் மட்டும் எனக்குத் தீரவில்லை. கலிபோர்னியாவில் முழுத் தானியங்கிக் கார்களைச் சோதிக்கும் நிறுவனங்கள் மோட்டார் வாகனத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் வைத்துச் சோதித்தால், அவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சோதனையில் நடந்ததைப் பற்றித் துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். என் காரில் இருப்பதோ 'ஓட்டுநர் உதவி' என்ற இரண்டாம் நிலை, அதாவது மனிதர் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய வகை. அதனால் இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லை. சோதிப்பவன் நான், பயிற்சி பெறாதவன், அதற்குப் பணமும் கட்டியவன். நானாவது ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். பள்ளிக்கூடச் சந்திப்பில் தள்ளுவண்டியோடு சாலையைக் கடக்கும் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்காகத்தான் நான் இத்தனை கறாராக இருக்கிறேன். நீங்களும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேரலாமா என்றால், குறிப்பேடு வைத்து ஒவ்வொரு பதிப்பையும் முதலிலிருந்து சோதிக்கும் பொறுமை இருந்தால் சேருங்கள். அலுவலகம் போகும் வழியில் ஓய்வெடுக்கத்தான் வேண்டும் என்றால், கால்டிரெய்னில் போங்கள். 2024 செப்டம்பரிலிருந்து அதுவும் மின்சார ரயில்தான்.

கடந்த வியாழக்கிழமை ஒரு புதுப் பதிப்பு வந்தது. மாலை ஐந்தரைக்கு மேரி அவென்யூவுக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீலக் கார் நின்றிருந்தது, இடம் போதாது. என் கார் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்று காத்திருந்தது. பிரேக்கின் மேல் இருந்த என் கால், சிக்னல் பச்சையாகி நீலக் கார் போகும் வரை அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்து 'நின்றது, முதல் முறை' என்று எழுதினேன்.