பட்டறையில் முதல் நாள்: ஒட்டிக்கொண்ட குச்சியும் எரிந்த கண்ணும்

கேள்வி: எனக்கு வயது 46. துணிக்கடையில் நீண்ட காலம் காசாளராக இருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். போன திங்கட்கிழமை ஆரையம்பதிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். முதலாளிக்கு 28 வயது. பகல் முழுவதும் என்னைக் கூட்டவும், ஒட்டின இடத்தில் படியும் கசடைத் தட்டவும் விட்டார். மாலையில் ஒரு துண்டு இரும்பைத் தந்து ஒட்டிப் பார்க்கச் சொன்னார். வெல்டிங் குச்சி திரும்பத் திரும்ப இரும்போடு ஒட்டிக்கொண்டது. ஒட்ட வேண்டிய கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அங்கே வேலை பழகும் 17 வயதுப் பையன் சிரித்துவிட்டான். நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல எரிச்சல். மாமி தாய்ப்பால் விடச் சொன்னார். மச்சான், “இந்த வயதில் இது தேவையா?” என்கிறார். மறுநாள் நான் போகவில்லை. தொடர்வதா, விடுவதா?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தொடருங்கள். ஆனால் முதலில் கண்ணைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுடும்போது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். உங்களுக்கு நடுச்சாமத்தில் தொடங்கியது என்றால், மத்தியானத்துக்கும் மாலைக்கும் இடையில் சுட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி நேரம் உங்கள் கையில் இருந்தது விளக்குமாறு. பக்கத்தில் மற்றவர் வெல்டிங் செய்ய, நீங்கள் வெறுங்கண்ணோடு கூட்டியிருக்கிறீர்கள். சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே போதும். இது தொழில் பழகும்போது எல்லோரும் படவேண்டிய பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டறையில் ஒரு தடுப்புத் திரை கட்டினால் தீர்கிற விஷயம் இது.

வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பாலும் வேண்டாம், உருளைக்கிழங்கு வில்லையும் வேண்டாம். புண்ணான கண்ணில் கிருமி போய்ச் சேரத்தான் அவை உதவும். மாமியிடம் இதைப் பக்குவமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு. இரண்டு நாளுக்கு மேல் எரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, கசடு தட்டும்போது துகள் விழுந்தது போலிருந்தாலோ, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள். கசடு தட்டும்போதும் தெளிந்த கண்ணாடி ஒன்று போட்டிருக்க வேண்டும்.

கோடு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கை பழகாததுதான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். 46 வயதில் எனக்கு முதலில் வரும் சந்தேகம் வெள்ளெழுத்து. பில் எழுதும்போது தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சமாளித்திருப்பீர்கள். இங்கே இரும்பைத் தள்ளிப் பிடிக்க முடியாது. முகக் கவசத்தின் கறுப்புக் கண்ணாடி வேறு இருட்டடிக்கிறது. தெரியாததால் புதியவர் கவசத்தைத் தூக்கி எட்டிப் பார்ப்பார். கண் இன்னொரு முறை சுடும். கண் ஆறியதும் பார்வையைச் சோதித்து, கிட்டப் பார்க்கும் கண்ணாடி ஒன்று எடுத்து, கவசத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கவசக் கண்ணாடியின் இருள் எண் 10 அல்லது 11 ஆக இருக்கட்டும். அந்தப் பதினேழு வயதுக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிரிக்கட்டும்.

குச்சி முதல் நாளில் ஒட்டாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். தீக்குச்சியைப் பெட்டியில் உரசுவதுபோல இரும்பில் லேசாக உரசி, வெளிச்சம் வந்ததும் குச்சியின் தடிப்பளவு மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாழ்ந்தால் ஒட்டும், உயர்ந்தால் அணையும். குச்சி எரிந்து குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். கைக்கு இது பிடிபட நாளாகும். கரண்ட் குறைவாக இருந்தாலும் ஒட்டும். 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு ஏறக்குறைய 90 முதல் 130 அம்பியர் வேண்டும். மெல்லிய இரும்புக்கு வைத்த அளவிலேயே இயந்திரத்தை விட்டிருந்தால், பழகிய கைக்கும் ஒட்டும். ஈரம் பிடித்த குச்சியும் ஒழுங்காக எரியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊரில், அதுவும் கார்த்திகை மழையில், குச்சிப் பெட்டியைத் திறந்து போடலாமா? ஒட்டிக்கொண்ட குச்சியைக் கவசத்தைத் தூக்காமலே முறுக்கி எடுங்கள். விடுபடும் நொடியில் மறுபடி வெளிச்சம் அடிக்கும்.

உடுப்பைப் பற்றித் துணிக்கடைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? பருத்தி, முழுக்கை. பொலியெஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

இனி வயது. உங்கள் வயதால் பட்டறையில் ஒரு வசதி உண்டு: வாய் திறந்து கேட்கலாம். “தம்பி, இந்தத் துண்டுக்கு எத்தனை அம்பியர்?”, “இது ஜீ.ஐ. குழாய்தானே, பூச்சை உரசி எடுக்காமலா ஒட்டுகிறோம்?” என்று பதினேழு வயதுப் பையன் கேட்டால் அதட்டல் விழக்கூடும், உங்களை அதட்ட முதலாளிக்குக் கூச்சமாக இருக்கும். ஜீ.ஐ. கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஜீ.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். கூட்டச் சொன்னதில் மட்டும் எனக்கு அவர்மேல் குறை இல்லை. எந்தக் குச்சி எங்கே, எந்த இரும்பு எங்கே என்று கூட்டுகிறவருக்குத்தான் சீக்கிரம் தெரியும்.

ஒரு தந்திரமும் சொல்கிறேன். கணக்கு வழக்கில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதை இப்போதைக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்தால் உங்களை மேசையில் உட்காரவைத்து பில் எழுதவைப்பார்கள், குச்சி பிடிக்கக் கிடைக்காது. கேற் ஒன்றைத் தனியாக முடித்த பிறகு சொல்லுங்கள்.

மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கடற்காற்றில் கேற்றும் யன்னல் கம்பியும் துருப்பிடிக்கும் ஊரில் இந்த வேலை தேவையா என்று அவரே கண்டுகொள்வார். பட்டறையில் பழகியவரும் பின்னர் தேர்வுக்குத் தோற்றி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். செய்த வேலைகளைப் படம் எடுத்து வைத்தால் அப்போது உதவும்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பழகும் காலம் எத்தனை மாதம், அதுவரை பஸ் காசும் சாப்பாடுமாவது உண்டா, அதன்பின் நாட்கூலி எவ்வளவு என்று, திரும்பிப் போகிற அன்றே, கூட்டத் தொடங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.