நாடுகளுக்கிடையே கலாசாரப் பரிமாற்றத்தை அரசுகள் எப்படி நடத்துகின்றன?

பெரும்பாலும் இரண்டு அரசுகள் முதலில் பொதுவான ஒரு கலாசார ஒப்பந்தம் போடும். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் செயல்திட்டத்தில்தான் விஷயமே: எத்தனை உதவித்தொகை, எந்தக் கண்காட்சி, செலவு யாருடையது. பல திட்டங்களில் அனுப்பும் நாடு பயணச் செலவையும் அழைக்கும் நாடு தங்குமிடத்தையும் ஏற்கும்.

அன்றாட வேலையைப் பார்ப்பவை தனி அமைப்புகள்: பிரிட்டிஷ் கவுன்சில் (1934), இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். எனப்படும் இந்தியக் கலாசார உறவுகள் மன்றம் (1950), ஜெர்மனியின் கோத்தே நிறுவனம் (1951). கோத்தே சட்டப்படி ஒரு சங்கம்தான். ஆனால் பணத்தின் பெரும்பகுதி வெளியுறவு அமைச்சகம் தருவது. அரசிடமிருந்து இந்தச் சிறு விலகல் இருப்பதால், அரசை விமர்சிக்கும் எழுத்தாளரையும் மேடையேற்ற முடிகிறது.

மாணவர்களும் ஆய்வாளர்களும் வேறு நாட்டுக்குப் போய்ப் படிக்கவும் ஆராயவும் அமெரிக்கா தரும் ஃபுல்பிரைட் உதவித்தொகை 1946இல் தொடங்கியது எப்படித் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய தளவாடங்களை வெளிநாடுகளில் விற்ற பணத்தில்!