தேனியில் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர்

தம்பி கல்லூரிக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான், தேனிப் பக்கம் யாரை நம்பிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது.

வாசலில் ‘கவுன்சலிங்’ பலகை இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவ உளவியலாளர், அதாவது பேசிப் பேசி சிகிச்சை தருபவர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவர்தான், அதையும் மனதில் வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தேனி பக்கத்தில் இருக்கும் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் கூட்டிப் போவேன். வர மறுக்கிறானா? சரி, இன்றைக்கே நீங்கள் மட்டும் 14416க்கு அழையுங்கள். அதுதான் டெலி மானஸ், தொலைபேசியிலேயே மனநல ஆலோசனை தர 2022இல் தொடங்கிய அரசு சேவை. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றி அவன் ஏதாவது சொன்னால் தனியாக விடாதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.