"நல்லா இருந்தது" என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு ஏகப்பட்ட மனக்குறை. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவத்தை வாங்க நர்ஸ் காத்து நிற்க, நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா "நல்லா இருந்தது" என்றார். ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டேன். முதியவர்கள் உண்மையிலேயே திருப்தியாகத்தான் இருக்கிறார்களா? இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டுமோ?

ச.

அன்புள்ள ச.,

பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி பேச்சை விடுங்கள். இளையவர்களைவிட முதியவர்கள் கூடுதலாக மதிப்பெண் போடுவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா ஒன்றும் விதிவிலக்கல்ல.

ஆனால் நர்ஸை எதிரே நிற்கவைத்துக்கொண்டா கேட்பது? எழுந்து உட்காரக்கூட அந்தக் கையைத்தானே பன்னிரண்டு நாள் பிடித்துக்கொண்டிருந்தார்? நாளைக்கே மறுபடி அங்கே போய்ப் படுக்க நேரலாம் என்று நினைக்கிறவர் வேறென்ன சொல்வார்? உங்களுக்கு மனக்குறை இருந்தும் ஐந்து போட்டிருக்கிறீர்கள். அது அம்மாவின் பதில் இல்லை, உங்கள் அவசரம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதையே செய்தவன்.

என் அப்பா 81 வயதில் நிமோனியாவோடு படுத்திருந்தார். சேர்த்த அன்றே காது மெஷினைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, கட்டிலோர மேஜை டிராயரில் வைத்துவிட்டார்கள். டாக்டர் கால்மாட்டில் நின்று என்னிடம் கேட்பார்: "சாப்பிடறாரா? தூங்கறாரா?" அப்பா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாம் நாள் ராத்திரி என்னை அடையாளம் தெரியவில்லை. சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்றார். வயசாயிடுச்சு இல்லையா என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஆறாம் நாள் சீப்பு தேடி டிராயரைத் திறந்தபோதுதான் அந்தப் பொட்டலம் கண்ணில் பட்டது. மாட்டிவிட்டேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "எனக்கு என்னன்னு சொன்னாங்க?"

ஆறு நாளாக அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

ஷரோன் இனூயே என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடு படித்தேன். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள், ராத்திரி தொந்தரவில்லாமல் தூங்க விட்டார்கள். புது மருந்து எதுவும் கிடையாது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த மனக்குழப்பம் இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவும் படிவத்தில் "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றுதான் எழுதச் சொன்னார். அது பொய்யில்லை. நள்ளிரவில் நனைந்த விரிப்பை முகம் சுளிக்காமல் மாற்றிய ஒரு பெண்ணை நினைத்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குள் அவளுக்கான நன்றியும் இருந்தது, டிராயரில் கிடந்த மெஷினும் இருந்தது. படிவத்தில் போய்ச் சேர்ந்தது நன்றி மட்டும்தான்.

அதனால் திருப்தியா என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். வீட்டில், அவர் நிதானமாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைக் கேளுங்கள். மணி கைக்கு எட்டியதா? அடித்தால் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? மாத்திரை எதற்கென்று சொன்னார்களா? டாக்டர் உன்னிடம் பேசினாரா, என்னிடமா? வலிக்கிறது என்று சொல்லத் தயங்கினாயா? பதில் உடனே வராது, காத்திருங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே தனித்தாளில் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அன்பாகப் பார்த்துக்கொண்டவர் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.