கடல்மணலில் வாழும் நுண்ணிய புழுக்களின் மரபணுத்தொகுதியை (ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ.யை) எதற்காக வாசிக்கிறார்கள்? விலங்குகளின் கூர்ப்பை (பரிணாமத்தை) அறியப் பெரிய விலங்குகள் போதாதா? இந்த ஆய்வை இலங்கையிலிருந்து செய்ய முடியுமா? உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுப்பிய இவ்விரு கேள்விகளுக்கும் என் பதில் இது.

பெரிய விலங்குகள் மட்டும் போதா. விலங்குலகில் இன்று ஏற்கப்பட்டுள்ள ஏறத்தாழ முப்பத்தைந்து கணங்களில் (பெரும் பிரிவுகளில்) அரைவாசிக்கு மேற்பட்டவற்றுக்கு மணற்பருக்கைகளின் இடுக்கில் வாழும் நுண்ணிய உறுப்பினர்கள் உண்டு. கைனோரிங்கா, லோரிசிஃபெரா, நதோஸ்டோமுலிடா போன்ற கணங்களிலோ பெரிய உடலுடைய விலங்கு ஒன்றுகூட இல்லை. இவற்றை விட்டுவிட்டு வரையப்படும் கூர்ப்பு மரம், பாதிக் கிளைகளை வெட்டிவிட்டு வரைந்த மரமாகவே இருக்கும். நீங்கள் உயர்தர மாணவர் என்று கேள்வியில் குறிப்பிட்டிருப்பதால், இலங்கைப் பாடநூல்களில் வரும் சொற்களையே இயன்றவரை பயன்படுத்துகிறேன்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்த காலத்தில், எனது இறுதியாண்டு ஆய்வுக்காகக் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கடல் வற்றிய நேரங்களில் மணல் எடுத்து வந்தேன். ஒரு சிரட்டை மணலை வாளியில் இட்டு, கடல்நீரின் செறிவுக்கு ஒத்ததாகக் கரைத்த மக்னீசியங் குளோரைட்டை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். இவ்விலங்குகளிற் பல, ஒட்டுச் சுரப்பிகளால் மணற்பருக்கையைப் பற்றிக்கொண்டிருப்பவை. வெறும் கடல்நீரில் எவ்வளவு கலக்கினாலும் பிடியை விடா. மக்னீசியம் மயக்கியதும் பிடி தளரும். பிறகு வாளியைச் சுழற்றி, பாரமான மணல் அடியில் படிந்து இலேசானவை இன்னும் மேலே மிதந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள், மேல்நீரை 63 மைக்ரோமீற்றர் கண்ணுடைய வலைத்துணியில் வடித்துக்கொள்ள வேண்டும். அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக் கல் நீக்கியவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதல்ல. அதை எனக்குச் சரியாகப் பழக்கியவர் எனது அம்மாதான்.

வடித்ததை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த முதல் நாளில், சாட்டை போல் நெளியும் வட்டப்புழுக்களுக்கு நடுவே அரை மில்லிமீற்றர் நீளமும் இல்லாத ஒரு விலங்கைக் கண்டேன். அதன் தலை முழுவதும் முட்கள். தலையை உடலுக்குள் இழுத்துக்கொண்டது; மறுபடி வெளியே தள்ளி, முட்களை முன்னால் ஊன்றி, உடலைப் பின்னாலிருந்து இழுத்து வந்தது. மயக்கம் தெளிந்ததும் அதையே மீண்டும் மீண்டும் செய்தது. தலைக்கும் கழுத்துக்கும் பின்னால் உடற்கண்டங்களை எண்ணினேன், பதினொன்று இருந்தன. கால்கள் இல்லை. அதன் அருகே, உரித்துவிட்ட வெறும் தோல் ஒன்று கண்டங்களின் அச்சு மாறாமல் கிடந்தது. அது கைனோரிங்கா. கண்டங்கள் இருப்பதால் மண்புழுவுக்கு உறவா, தோலுரிப்பதால் நண்டுக்கு உறவா, உடற்குழியின் (உடற்சுவருக்கும் குடலுக்கும் இடையிலுள்ள வெளியின்) அமைப்பால் வட்டப்புழுவுக்கு உறவா என்று அன்று எனக்குத் தோன்றிய கேள்விதான், நீங்கள் கேட்டிருப்பதன் மையமும்.

எங்கள் காலப் பாடநூல் உடற்குழியை ஓர் ஏணியாக வைத்திருந்தது. உடற்குழி இல்லாத தட்டைப்புழுக்கள் கீழ்ப்படியிலும், போலி உடற்குழியுடைய வட்டப்புழுக்கள் நடுப்படியிலும், உண்மை உடற்குழியுடைய வளையப்புழுக்களும் கணுக்காலிகளும் மேற்படியிலும் இருந்தன. மண்புழுவும் பூச்சியும் கண்டங்களுடையவை என்பதால் நெருங்கிய உறவினர் என்று எழுதிப் புள்ளி பெற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் 1997ஆம் ஆண்டிலேயே, கலத்தில் புரதம் தயாரிக்கும் இறைபோசோமின் சிறிய உபஅலகிலுள்ள ஆர்.என்.ஏ.யைக் குறிக்கும் பரம்பரையலகின் (மரபணுவின்) வரிசையை ஒப்பிட்ட ஆய்வொன்று, வட்டப்புழுக்களும் கணுக்காலிகளும் கைனோரிங்காக்களும் தோலுரிக்கும் விலங்குகள் என்ற ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை என்று காட்டியிருந்தது. மண்புழு அங்கிருந்து விலகி, நத்தைகளோடும் தட்டைப்புழுக்களோடும் வேறொரு பெருங்கிளையில் அமர்ந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை ஒன்றாக ஒப்பிட்டபோதும் இந்தப் பிரிப்பு நிலைத்தது. உடற்குழி ஏணியாக இருக்கவில்லை. வெவ்வேறு கிளைகளில் தோன்றியும் குறைந்தும் மறைந்தும் வந்த ஒரு பண்பாகவே அது இருந்திருக்கிறது.

ஒரு சிறிய, எளிய உடலைப் பார்த்தால் அதற்கு இரண்டு விதமான வரலாறு இருக்க முடியும். அதன் மூதாதை தொடக்கத்திலிருந்தே எளியதாக இருந்திருக்கலாம். அல்லது சிக்கலான உடலுடைய மூதாதையிலிருந்து மணலிடுக்கு வாழ்வுக்காகச் சுருங்கி, உறுப்புகளை இழந்து வந்திருக்கலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்துவது மிகக் கடினம். மரபணுத்தொகுதி அப்படியல்ல. இழந்தவற்றின் இடமும், எஞ்சியவற்றின் ஒழுங்கும் அங்கே பதிவாகியிருக்கும்.

டைமோர்ஃபிலஸ் ஜைரோசிலியேட்டஸ் என்ற நுண்ணிய வளையப்புழு இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. அதன் பெண் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளம், ஆணோ 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. 2020இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 74 மில்லியன் மூலச்சோடிகளையே (டி.என்.ஏ. எழுத்துச் சோடிகளையே) கொண்டது. மனிதனுடையது 3,000 மில்லியனுக்கும் மேல். இவ்வளவு சுருங்கிய தொகுதி சிதைந்து குழம்பியிருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1998இல், பல்கல விலங்குகளில் முதலாவதாக வாசிக்கப்பட்ட சீனோராப்டைட்டிஸ் எலெகன்ஸ் என்ற வட்டப்புழுவின் தொகுதியும் சிறியதுதான். அதில் உடலின் முன்பின் ஒழுங்கைத் தீர்மானிக்கும் ஹொக்ஸ் பரம்பரையலகுகள் சில தொலைந்தும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியும் போயிருக்கின்றன. டைமோர்ஃபிலஸ் அந்த வழியிற் செல்லவில்லை. மீள்வரிசைகளை (திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகளை) கழித்தும், பரம்பரையலகுகளுக்கு இடையிலும் உள்ளும் இருந்த வெற்று நீளங்களைக் குறைத்தும் இடத்தைச் சுருக்கிக்கொண்டதே ஒழிய, மூதாதையிடமிருந்து வந்த ஹொக்ஸ் கூட்டத்தைக் கலைக்கவில்லை. வீடு மாறும்போது தட்டுமுட்டுகளைக் கழித்துவிட்டுச் சாமியறையை அப்படியே கொண்டுபோவது போன்றது அது. இதற்கு மாறாக, இத்தாலியின் லிஞானோக் கரையின் பெயரைத் தாங்கிய மக்ரோஸ்டோமம் என்ற சிறு தட்டைப்புழுவின் தொகுதியில் முக்கால் பங்கு வரை மீள்வரிசைகள். உடல் சிறியதாக இருந்தால் மரபணுத்தொகுதியும் சிறியதாகவே இருக்கும் என்று மாணவர்கள் எழுதும்போது, இந்த இரண்டு புழுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இந்த வழியில் தவறிய இடங்களும் உண்டு. செனோடர்பெல்லா என்ற எளிய புழு (அது நுண்ணியதன்று, சில சென்ரிமீற்றர் நீளமுடையது) 1949இல் விவரிக்கப்பட்டது. 1997இல் அதன் டி.என்.ஏ.யை வாசித்தவர்கள் அது ஒரு மெல்லுடலி, சிப்பிகளின் உறவு என்று அறிவித்தார்கள். 2003இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் பார்த்தபோது, வாசிக்கப்பட்டது புழு தின்ற சிப்பியின் டி.என்.ஏ. என்று தெரியவந்தது. பின்னர் அது நுண்ணிய ஏசீல் புழுக்களோடு ஒரே குழுவாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் குழு இருபக்கச் சமச்சீருடைய மற்றெல்லா விலங்குகளுக்கும் முன்பே பிரிந்த கிளை என்று 2016இல் ஓர் ஆய்வு கூற, 2019இல் இன்னோர் ஆய்வு அதனை நட்சத்திரமீன்களின் பக்கத்தில் வைத்தது. இருபக்கச் சமச்சீருடைய விலங்குகளின் பொது மூதாதை எளிய பைபோன்ற உடலுடையதா, ஏற்கெனவே சிக்கலானதா என்ற கேள்வி இந்த முடிவில் தங்கியிருக்கிறது. வாதம் தீராமைக்கு முக்கிய காரணம், இப்புழுக்களின் வரிசைகள் மிக விரைவாக மாறியிருப்பதாகும். விரைவாக மாறிய இரண்டு கிளைகள் உறவே இல்லாமலும் தற்செயலாக ஒத்துப்போய், கணிப்பில் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும். அதனாலேயே 1997ஆம் ஆண்டு வட்டப்புழு ஆய்வில், மெதுவாக மாறிய ஒரு வட்டப்புழுவைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் தேர்வு இல்லாவிட்டால் விடை பிழைத்திருக்கும். வாசித்த இனங்கள் கூடக்கூட, விரைவான மாற்றத்தால் மரத்தில் நீண்டுபோன கிளைகள் நடுவில் முறிந்து இந்த ஈர்ப்பும் குறையும். நுண்புழுக்களை ஒவ்வொன்றாகத் தேடி வாசிப்பதன் பெரும் பயன் இதுவே என்பது என் எண்ணம்.

வேலையின் கடினத்தைக் கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். 100 மில்லியன் மூலச்சோடிகளுடைய ஒரு தொகுதியின் நிறை ஏறத்தாழ 0.1 பிக்கோகிராம். தொகுதியின் இரு பிரதிகளையுடைய இருமடியக் கலம் ஒன்றில் அது 0.2. ஆயிரம் கலங்களுடைய புழு ஒன்றில் மொத்தம் 200 பிக்கோகிராம், அதாவது 0.2 நனோகிராம். டி.என்.ஏ.யை நீண்ட துண்டுகளாக வாசிக்கும் நீள்வாசிப்பு இயந்திரங்களுக்கு வழக்கமாக ஒரு மைக்ரோகிராம் அளவில் டி.என்.ஏ. தேவைப்பட்டது, அதற்கு 5,000 புழுக்கள் வேண்டும். அத்தனையையும் மணலில் பொறுக்கினால், எல்லாம் ஒரே இனம்தானா என்ற உறுதி போய்விடும். ஒரே இனமாயினும் ஒவ்வொன்றின் வேறுபாடும் கலந்து, வாசித்த துண்டுகளைக் கோத்துத் தொகுப்பதைக் குழப்பும். அதனால்தான் ஒரே ஒரு விலங்கின் டி.என்.ஏ.யைப் பிரதிசெய்து பெருக்கி வாசிக்கும் நுட்பங்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம். பெருக்கும்போது சில பகுதிகள் மிகுந்தும் சில குறைந்தும் போகும் என்பதையும், உடலில் ஒட்டிய ஒரு சில பற்றீரியாக்களின் டி.என்.ஏ.யும் சேர்ந்து பெருகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே பிடித்த விலங்கை, வடிகட்டிய சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் பட்டினி போட்டு, குடல் வெறுமையான பின்னரே பயன்படுத்துவார்கள்.

இங்கிருந்து செய்ய முடியுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, முதற்பாதியை, அதாவது விலங்கைப் பிடித்துப் பார்த்துப் பதிவதை, தாராளமாகச் செய்யலாம் என்பேன். யாழ்ப்பாணக் கரைகளில், மண்டைதீவின் சேறும், காரைநகரின் மென்மணலும், மணற்காட்டின் அலையடிக்கும் பருமணலும் ஒன்றுக்கொன்று வேறான விலங்குகளைக் கொண்டவை. நான் பார்த்த சிறிய அளவிலேயே அது தெரிந்தது. ஒரு வாளி, வலைத்துணி, மக்னீசியங் குளோரைட்டு, நல்ல நுணுக்குக்காட்டி ஆகியவை போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: டி.என்.ஏ. எடுக்கும்போது அந்த விலங்கு முழுவதும் கரைந்து தீர்ந்துவிடும், திரும்பிப் பார்க்க மாதிரி எதுவும் எஞ்சாது. ஆகவே குழாயில் இடுமுன், அது உயிரோடு அசையும்போதே படமும் காணொளியும் எடுத்து, தலையின் முட்களையும் கண்டங்களையும் எண்ணி, எடுத்த இடத்தையும் நாளையும் ஆழத்தையும் அதே குழாயின் இலக்கத்தோடு எழுதி வையுங்கள். எனது கைனோரிங்காவை அன்று நான் படமெடுக்கவில்லை. அது எந்த இனம் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.