வக்கீல் கூடாது என்றால் எனக்காக யார் பேசுவது?

கேள்வி: எனக்கு 72 வயது. கணவர் காலமாகிவிட்டார். அல்சூர் வீட்டை 2019-ல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னை முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்கிறான். முதியோர் தீர்ப்பாயத்தில் வக்கீல் வைக்க முடியாதாமே? கன்னடம் பேசுவேன், எழுதத் தெரியாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆணையம் இருப்பதுபோல வயதானவர்களுக்காகப் பேச அரசாங்கத்தில் தனியாக ஒருவர் கிடையாதா?
– வாசகி, பெங்களூரு

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் கேட்டதுதான் பெரிய கேள்வி. பெண்கள் ஆணையத்துக்கு 1990-லும் குழந்தைகள் ஆணையத்துக்கு 2005-லும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதியோருக்கு அப்படி ஒரு தேசிய ஆணையம் இல்லை. கேரளம் மட்டும் 2025-ல் முதியோர் ஆணையத்துக்கென்று சட்டம் கொண்டுவந்தது. வேல்ஸ் நாட்டில் 2006-லேயே சட்டம் போட்டு முதியோர் ஆணையர் பதவியை உண்டாக்கிவிட்டார்கள். அவர் அரசுத் துறைகளையே கேள்வி கேட்கலாம், முதியவர் தொடுக்கும் வழக்குக்கும் துணை நிற்கலாம்.

நம்மிடம் இருப்பது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007. நீங்கள் சொல்லும் தீர்ப்பாயம் இந்தச் சட்டப்படி அமைந்ததுதான். இதன் 17-வது பிரிவு அங்கே வக்கீல் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் இந்தத் தடை செல்லாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே போய் நிற்காதீர்கள். அடுத்த 18-வது பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பினால், இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் பராமரிப்பு அதிகாரி தீர்ப்பாயத்தில் உங்கள் சார்பில் பேச வேண்டும். இதைப் பலருக்கும் யாரும் சொல்வதே இல்லை. மனுவிலேயே ‘பராமரிப்பு அதிகாரி என் சார்பில் ஆஜராக வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆனால் அவரும் அரசு ஊழியர்தான். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை, தீர்ப்பாயத்தின் உத்தரவை யாரும் நிறைவேற்றவில்லை என்றால், சக அதிகாரிகளை எதிர்த்து அவர் எவ்வளவு தூரம் பேசுவார்? எந்தத் துறைக்கும் கட்டுப்படாத ஒருவர் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் பகுதி முதியோர் சங்கம் அரசுக்கு மனு கொடுத்தால், இந்த ஒரு விஷயத்தை அழுத்தி எழுதச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். முதலில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ‘என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்வான்’ என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? இருந்தால், 23-வது பிரிவின்படி பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனையை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வந்த இன்னொரு வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு, மகன் எழுதிக் கொடுத்த தனி உறுதிமொழியையும் கணக்கில் எடுத்தது. தாய்க்கு வீடு திரும்பக் கிடைத்தது. எனவே மகன் கைப்பட எழுதிய கடிதம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். நிபந்தனையே இல்லை என்றால் 23-வது பிரிவு கஷ்டம்தான். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அப்போதும் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

மனு எழுத மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100-க்கும் கூப்பிடலாம். மகன் மிரட்டினால் 1090, பெங்களூரு முதியோர் உதவி எண். மனு கொடுத்ததும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மகனுக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். முக்கியமாக, அதுவரை வீட்டை விட்டு நீங்களாக வெளியே போகாதீர்கள்.