மாட்டுக் காய்ச்சலும் ரத்த ஒட்டுண்ணிகளும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எச்.எஃப் (ஹோல்ஸ்டீன்) கலப்பின மாடு, கன்று போட்டு இரண்டு மாதம். நாலு நாளாக 106 டிகிரி காய்ச்சல். ஊசி போட்டால் இறங்குகிறது, மறுநாள் பழையபடி ஏறுகிறது. தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவு கட்டி. என்ன நோய்?

பதில்: நீங்கள் கட்டி என்று சொல்வது நிணநீர்க் கணு. உண்ணி ஏறும் கலப்பின மாட்டில் அது வீங்கி, சாதாரண ஆன்டிபயாடிக்குக் காய்ச்சல் அடங்காவிட்டால் முதலில் தைலேரியாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹயலோமா உண்ணி கடிக்கும்போது இந்த ஒட்டுண்ணி உள்ளே போய் வெள்ளணுவுக்குள் குடியேறுகிறது. அந்த அணுவை ஓயாமல் பிரியவும் வைக்கிறது. அணு பிரியும்போதெல்லாம் தானும் பிரிந்துகொள்கிறது. கணு வீங்குவது இதனால்தான். சிவப்பணுவுக்குள் போவதும் ரத்தசோகை வருவதும் அதற்கப்புறம்.

மருந்து பூபார்வாகுவோன், கிலோ எடைக்கு 2.5 மி.கி., கழுத்துத் தசையில். கடையில் கிடைப்பதில் 1 மில்லி 20 கிலோவுக்குச் சரி. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 என்று போடுங்கள். 66 அங்குலச் சுற்றும் 60 அங்குல நீளமும் உள்ள மாடு 396 கிலோ. அதற்கு 20 மில்லி. ஒரே இடத்தில் குத்தாமல் 10, 10 ஆகப் பிரித்துப் போட வேண்டும். காய்ச்சல் நிற்காவிட்டால் 48 முதல் 72 மணி நேரத்தில் இன்னொரு முறை. குறைந்த அளவில் போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பதுதான் அதிகம் நடக்கிறது.

காய்ச்சல் நின்றதும் மாட்டை மேய்ச்சலுக்கு விரட்டாதீர்கள். ஒட்டுண்ணி அடங்கிய பிறகும் சில நாள் ரத்தம் குறைந்துகொண்டே போகும். கண் இமையின் உட்புறம் வெளுத்து, நாலடி நடந்ததும் மூச்சிரைத்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: காய்ச்சலுக்கு டெக்சா (டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) ஊசி போடுகிறார்களே, உடனே தீனி எடுக்கிறதே?

பதில்: எடுக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். வெள்ளணுவுக்குள் ஒளிந்திருக்கும் தைலேரியாவை எதிர்ப்புரதத்தால் (ஆன்டிபாடி) எட்ட முடியாது. நோய் பிடித்த அணுவையே கொல்லும் டி அணுக்கள்தான் அதை அடக்க வேண்டும். டெக்சா தடுப்பது அந்தப் படையைத்தான். மாடு தெளிந்த மாதிரி தெரியும், உள்ளே ஒட்டுண்ணி பெருகும். நிறைசினையாக இருந்தால் கன்றும் வீசிவிடும். காரணம் தெரியாத காய்ச்சலில் டெக்சா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஜெர்சி மாடு காபித் தண்ணி போல மூத்திரம் போகிறது. பபேசியாவா?

பதில்: காய்ச்சலைப் பாருங்கள். 104-க்கு மேல் காய்ச்சலும் உடம்பில் உண்ணியும் இருந்தால், உண்ணி பரப்பிச் சிவப்பணுவை உடைக்கும் பபேசியா ஒட்டுண்ணி என்று நினைக்கலாம். காய்ச்சல் இல்லாமல், கன்று போட்டு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள், நல்ல கறவையில் வந்தால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. மூத்திரத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் சிவப்பு தங்கி மேலே தெளிந்தால் அது ரத்தம். சிறுநீர்ப்பை, சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டில் முழுக்க ஒரே நிறமாக நின்றால் சிவப்பணு உடைந்து வந்த சாயம்.

பபேசியாவுக்கு டைமினசீன், கிலோவுக்கு 3.5 மி.கி., ஆழமாகத் தசையில்.

கேள்வி: கண் மஞ்சள், சாணி கட்டி, மூத்திரம் மட்டும் சிவக்கவில்லை. டைமினசீன் போட்டும் பலனில்லை.

பதில்: அனாபிளாஸ்மா போலிருக்கிறது. சிவப்பணுவில் இருந்தாலும் அது ஒட்டுண்ணி அல்ல, பாக்டீரியா. அதனால் டைமினசீன் வேலை செய்யாது, ஆக்சிடெட்ராசைக்ளின்தான் கேட்கும். நோய் பிடித்த அணுக்களை மண்ணீரல் விழுங்கி உடைப்பதால் சாயம் மூத்திரத்துக்கு வராமல் மஞ்சளாக மாறுகிறது. ஒரே ஊசியைப் பல மாட்டுக்குக் குத்தினாலும் இது பரவும்.

கேள்வி: அண்ணா, ரத்தத் தடவல் எடுத்து அனுப்பினால் "ஒன்றும் தெரியவில்லை" என்று வருகிறது. எப்படி எடுப்பது?

பதில்: மருந்து போடுவதற்கு முன், காய்ச்சல் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பாதித் தவறு இங்கேதான். காது நுனியில் மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் குத்தினால் அணு உடைந்துவிடும். ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சிறு சொட்டைக் கண்ணாடித் தகட்டின் ஒரு முனையில் வையுங்கள். இன்னொரு தகட்டை 45 டிகிரி சாய்த்துச் சொட்டைத் தொட்டு, ஒரே இழுப்பில் முன்னால் தள்ளுங்கள். முடிவில் தடவல் மெலிந்து நாக்கு போல முடிய வேண்டும். தடித்த தடவலில் எதையும் பார்க்க முடியாது. காற்றில் ஆட்டிக் காயவைத்து, மெத்தனாலில் 3 நிமிடம். ஈ மொய்க்க விடாதீர்கள், தடவலை ஈ தின்றுவிடும். தைலேரியா ஆரம்பத்தில் காது ரத்தத்தில் தெரியாது. வீங்கிய கணுவில் ஊசி விட்டு எடுத்த நீரையும் தடவி அனுப்பச் சொல்லுங்கள். கூடவே இ.டி.டி.ஏ குழாயில் (ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து உள்ள குழாய்) 2 மில்லி ரத்தம், ஐஸ் பையோடு.

கேள்வி: எங்கள் நாட்டு மாட்டில் உண்ணி இருந்தும் நோயில்லை. பக்கத்தில் கட்டியிருக்கும் கலப்பினம்தான் படுக்கிறது. கன்றுக்கு நோய் தாங்காது என்பது உண்மையா?

பதில்: நாட்டு மாட்டுக்கும் ஒட்டுண்ணி ஏறுகிறது, ஆனால் அளவோடு நிற்கிறது. சாஹிவால் மாட்டுக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் தைலேரியாவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சாஹிவாலில் நோய் மிதமாகவே வந்தது. ஹோல்ஸ்டீனில் அழற்சி மிஞ்சிப்போய், அதுவே உடம்பை உருக்குகிறது.

கன்று விஷயத்தில் நோய்க்கு நோய் வேறு. பபேசியாவைச் சுமார் ஒன்பது மாதம் வரை கன்று தாங்கிக்கொள்ளும். அந்த வயதில் லேசாக வந்து போனால் பின்னாளில் அதுவே காப்பு. உண்ணியே இல்லாத இடத்தில் வளர்ந்த கிடேரியை உண்ணி உள்ள ஊருக்கு வாங்கி வந்தால் கடுமையாகப் படுப்பது இதனால்தான். தைலேரியாவில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு மாதக் கலப்பினக் கன்றுகூட, சில சமயம் விழி பிதுங்கி, செத்துப்போகும்.

பிழைத்த மாட்டில் ஒட்டுண்ணி கொஞ்சம் தங்கவே செய்யும். மறுபடி வராமல் காப்பது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். கன்று போடும் சமயம், நெடுந்தூரப் பயணம் என்று உடம்பு தளர்ந்தால் அதே மிச்சம் தலைதூக்கவும் செய்யும்.

கேள்வி: தடுப்பூசி உண்டா?

பதில்: தைலேரியாவுக்கு உண்டு. ஒட்டுண்ணி குடியேறிய வெள்ளணுவை ஆய்வகத்தில் வளர்த்து வளர்த்து, வீரியம் குறைத்துச் செய்த உயிர்த் தடுப்பூசி. திரவ நைட்ரஜனிலேயே வைத்திருக்க வேண்டும், உருக்கியதும் போட்டுவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கன்றிலிருந்து போடலாம். நிறைசினைக்குத் தவிர்க்கவும்.

ட்ரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குதிரை ஈ கடித்துப் பரப்பும் அந்த ட்ரிப்பனோசோமா ரத்த நீரிலேயே நீந்துகிறது. எதிர்ப்புரதம் ஒரு மேலுறையை அடையாளம் கண்டு அழிப்பதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறு உறைக்கு மாறிவிடும். காய்ச்சல் விட்டு விட்டு வருவது இதனால்தான்.

கேள்வி: வாராவாரம் மருந்து அடித்தும் உண்ணி போகவில்லை.

பதில்: மாட்டுக்கு மட்டும் அடித்திருப்பீர்கள். ஹயலோமா கீழே விழுந்து சுவர் விரிசலில் முட்டையிடும். விரிசலைப் பூசி அடைத்து, சுவரின் அடிப்பாகத்துக்கும் அடியுங்கள். அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. மாடு தோல் வரை நனைய வேண்டும். காதுக்குள், தாடைத் தொங்கல், மடியடி, வாலடி, தொடை இடுக்கைக் கையால் தேய்த்துவிடுங்கள். காயும் வரை நக்க விடாமல் வாய்க்கூடை போட்டு, கறக்குமுன் மடியைக் கழுவுங்கள்.